நிகழ்கணத்தில் வாழ்தல்: கிரிவலப் பாதையில் ஒரு முழுக்கவனப் பயிற்சி

திருவண்ணாமலையில் ஒவ்வொரு பௌர்ணமி இரவிலும் பெருந்திரளான மக்கள் மலையை வலம் வருகின்றனர். கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். நிதானமாக நடப்பவர் இதனை நிறைவு செய்ய நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். அடிகளாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 20,000 அடிகள் நடக்க வேண்டியிருக்கும். இவற்றுள் எத்தனை அடிகளை நாம் அறிந்து எடுத்து வைக்கிறோம் என்பது சிந்திக்க வேண்டிய வினா. கால்கள் எம லிங்கத்தைக் கடந்துகொண்டிருக்கும்போது மனம் வீட்டுக் கடனிலோ, மகளின் தேர்விலோ, பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கூறிய கடுஞ்சொல்லிலோ தங்கியிருக்கலாம். நடந்து முடித்த பின்னர், வழியில் கண்டவற்றுள் பாதியும் நினைவில் இராது.

இவ்வாறு உடல் ஓரிடத்திலும் மனம் வேறிடத்திலும் இருப்பது மனித இயல்பே. எனினும் இதுவே நாள் முழுவதும் தொடரும்போது மனஅழுத்தம், உறக்கமின்மை, பதற்றம் ஆகியவை வளர்வதற்கு அது துணைபுரிகிறது. அலைந்த மனத்தை நிகழும் கணத்திற்குத் திரும்ப அழைத்து வருதல் பயிற்சியால் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு திறன். அத்திறன் யாது, அதன் பயன் எவ்வளவு, கிரிவலப் பாதையிலும் வீட்டிலும் அதனை எவ்வாறு பயிலலாம், யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முழுக்கவனம் என்றால் என்ன?

இப்போது நிகழ்ந்துகொண்டிருப்பதை, நல்லது தீயது என உடனே தீர்ப்பு வழங்காமல், வேண்டுமென்றே கவனித்தல் முழுக்கவனம் எனப்படும். ஆங்கிலத்தில் இது ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என வழங்கப்படுகிறது. கவனிக்கப்படும் பொருள் மூச்சாக இருக்கலாம். தரையில் பதியும் பாதமாக இருக்கலாம். காதில் விழும் ஓசையாகவோ மனத்தில் தோன்றும் எண்ணமாகவோ இருக்கலாம்.

இதில் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன.

- ஒன்றைத் தேர்ந்து அதில் கவனத்தை வைத்தல்.
- கவனம் விலகியதை அறிதல்.
- தன்னைக் கடிந்துகொள்ளாமல் கவனத்தை மீண்டும் கொண்டுவருதல்.

பலர் முதற்செயலை மட்டுமே பயிற்சி என எண்ணுகின்றனர். மனம் விலகியவுடன், ‘எனக்கு இது கைகூடாது’ எனக் கைவிட்டுவிடுகின்றனர். மூன்றாவது செயலே இப்பயிற்சியின் மையம். நூறு முறை விலகிய கவனத்தை நூறு முறை திருப்பிக் கொண்டுவந்தவர் நூறு முறை தோற்றவர் அல்லர். நூறு முறை பயின்றவர் ஆவார்.

மனம் ஏன் அலைகிறது?

மனம் அலைவது நோய் அன்று. நேற்றைய பிழையிலிருந்து பாடம் கற்பதற்கும் நாளைய பணிக்குத் திட்டமிடுவதற்கும் மூளை கடந்த காலத்தையும் எதிர்காலத்தையும் சுற்றி வர வேண்டியுள்ளது. குறிப்பிட்ட வேலை எதிலும் ஈடுபடாதபோதும் மூளையின் சில பகுதிகள் ஒருங்கிணைந்து இயங்குகின்றன என்பதை அமெரிக்க நரம்பியல் அறிஞர் மார்கஸ் ரெய்க்கிள் தலைமையிலான குழு 2001ஆம் ஆண்டு விளக்கியது. தன்னைப் பற்றிய எண்ணங்கள், பழைய நினைவுகள், வருங்காலக் கற்பனைகள் ஆகியவற்றோடு இப்பகுதிகளுக்குத் தொடர்பு உண்டு எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகியோர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 2,250 பேர் பங்கேற்றனர். நாளின் வெவ்வேறு நேரங்களில் கைப்பேசி வழியாக, ‘இப்போது என்ன செய்கிறீர்கள்? மனம் அதில் உள்ளதா? எவ்வளவு மகிழ்ச்சியாக உள்ளீர்கள்?’ என்னும் பொருளில் அவர்களிடம் வினவப்பட்டது. கிடைத்த விடைகளில் 46.9 விழுக்காடு, மனம் அப்போதைய செயலில் இல்லை எனத் தெரிவித்தன. மனம் விலகியிருந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. இனிய எண்ணங்களுக்கு விலகியிருந்தபோதும், செய்யும் செயலிலேயே மனம் ஒன்றியிருந்த நேரத்தைவிட மகிழ்ச்சி கூடுதலாக இருக்கவில்லை.

இன்னல் தருவது அலைதல் மட்டுமன்று. ஒரே தடத்தில் திரும்பத் திரும்பச் சுழலுதலும் ஆகும். நடந்துபோன அவமானத்தை மனம் மீண்டும் ஓட்டிப் பார்க்கும்போது, அது இப்போதே நிகழ்வதைப் போல உடல் எதிர்வினை ஆற்றுகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய இயக்குநீர்கள் சுரக்கின்றன, இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. எதிரில் பாம்பைக் கண்டால் இவ்வேற்பாடு உயிரைக் காக்கும். பாம்பு எதுவும் இல்லாத இரவில், பாயில் படுத்தவாறே இதே ஏற்பாடு பல மணி நேரம் இயங்கினால் உறக்கம் கெடும்; எரிச்சலும் களைப்பும் மிகும்.

கவனத்தைப் பாதத்திற்கோ மூச்சிற்கோ திருப்பும்போது அச்சுழற்சி சற்று அறுபடுகிறது. கவலைக்குக் காரணமான சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் அதனைத் தீர்க்க முற்படுவதற்குத் தேவையான தெளிவு கிடைக்கிறது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

பௌத்த மரபில் நெடுங்காலமாகப் பயிலப்பட்டுவந்த கவனப் பயிற்சியை, சமயச் சார்பின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர்களுள் ஜான் கபாட்-சின் முதன்மையானவர். அவர் 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாட்பட்ட வலியாலும் மனஅழுத்தத்தாலும் துன்புற்றோருக்குப் பல வாரப் பயிற்சியைத் தொடங்கினார். அமர்ந்து மூச்சைக் கவனித்தல், உடலுறுப்புகளை ஒவ்வொன்றாகக் கவனித்தல், எளிய யோகாசனங்கள், கவனத்துடன் நடத்தல் ஆகியவை அதில் இடம்பெற்றன.

மனச்சோர்வு நோயிலிருந்து மீண்டவர்களுக்கு அந்நோய் திரும்ப வராமல் தடுக்க இப்பயிற்சி உதவுமா என்பதை ஜான் டீஸ்டேல் குழுவினர் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். முன்னர் மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு ஆளானவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் 66 விழுக்காட்டினருக்கு நோய் மீண்டது. முழுக்கவனப் பயிற்சியும் சேர்த்துப் பெற்றோருள் 37 விழுக்காட்டினருக்கே மீண்டது.

2014ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வு, 3,515 பேர் பங்கேற்ற 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைத் தியானப் பயிற்சிகள் மிதமான அளவில் குறைக்கின்றன என்பதற்குச் சான்று கிடைத்தது. மருந்து, உடற்பயிற்சி, பிற உளவியல் சிகிச்சைகள் ஆகியவற்றைவிட இப்பயிற்சி மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

எனவே நாம் கொள்ளத்தக்க முடிவு இதுவே: முழுக்கவனம் பயனுள்ள துணை, அனைத்தையும் தீர்க்கும் மாமருந்து அன்று.

திருவண்ணாமலையும் இப்பயிற்சியும்

மனத்தை உற்றுநோக்கும் மரபு திருவண்ணாமலைக்குப் புதியதன்று. திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு பிறந்த ரமண மகரிஷி, தம் 16ஆம் வயதில், 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் இவ்வூரை அடைந்தார். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மறையும் வரை இவ்வூரைவிட்டு நீங்கவில்லை. தம்மை நாடி வந்தோரிடம் ‘நான் யார்?’ என்னும் தன்னாய்வை வலியுறுத்திய அவர், கிரிவலம் வருமாறும் ஊக்குவித்தார்.

ரமணரின் தன்னாய்வும் இக்கட்டுரை பேசும் முழுக்கவனமும் ஒன்றல்ல. முன்னது மெய்யுணர்வை நாடும் ஆன்மிக நெறி. பின்னது மனநலத்திற்கான பயிற்சி. வேறுபாட்டை அறிந்துகொள்வது நன்று. ஏனெனில், இளவயதில் ஆயிரங்கால் மண்டபத்தின் பாதாள லிங்க அறையில் பூச்சிகள் கடித்ததையும் உணராது ரமணர் அமர்ந்திருந்த செய்தியைப் பலரும் அறிவர். அதனை முன்மாதிரியாகக் கொண்டு, உடலின் வலியையும் பசியையும் பொருட்படுத்தாதிருப்பதே உயர்ந்த பயிற்சி எனச் சிலர் கருதக்கூடும். முழுக்கவனம் இதற்கு நேர்மாறானது. அது உடலின் குறிப்புகளைக் கூர்ந்து கேட்கச் சொல்கிறது. ரமணரே தம் இறுதிக் காலத்தில், இடக்கையில் தோன்றிய கட்டிக்காக மருத்துவர்கள் செய்த நான்கு அறுவைச் சிகிச்சைகளுக்கு உடன்பட்டார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

நம்பிக்கை உடையோர் கிரிவலத்தை வழிபாடாக மேற்கொள்கின்றனர். அந்நம்பிக்கை இல்லாதோருக்கும் இப்பாதை நல்லதொரு நடைப்பயிற்சிக் களமே. ஒரே திசையில் செல்லும் நீண்ட நடை, ஏறக்குறைய சமதளமான பாதை, இடப்பெயர்ச்சிக்கேற்ப மாறும் மலையின் தோற்றம், வழியெங்கும் அமைந்துள்ள எட்டு லிங்கக் கோயில்கள் ஆகியவை கவனத்தைத் திரும்ப அழைக்கும் நினைவுக்குறிகளாக அமைகின்றன.

கிரிவலப் பாதையில் எவ்வாறு பயிலலாம்?

நான்கு மணி நேரமும் இடைவிடாது கவனத்துடன் நடக்க எவராலும் இயலாது. அது தேவையும் இல்லை. ஒவ்வொரு லிங்கக் கோயிலுக்கு அருகிலும் இரண்டு மூன்று நிமிடங்கள் மட்டும் கவனத்தைத் திருப்பினால் போதும். இங்குக் கூறப்படும் முறை சமயச் சடங்கு அன்று. நினைவில் கொள்வதற்கு எளிய ஒழுங்கு மட்டுமே.

1. இந்திர லிங்கம்: பாதத்தைக் கவனியுங்கள். குதிகால் ஊன்றுவது, எடை முன்பாதத்திற்கு நகர்வது, விரல்கள் தரையை விட்டு எழுவது ஆகிய மூன்றையும் சில அடிகளுக்குப் பின்தொடருங்கள்.
2. அக்கினி லிங்கம்: மூச்சைக் கவனியுங்கள். அதனை மாற்ற முயல வேண்டாம். ஒரு மூச்சு உள்ளே செல்ல எத்தனை அடிகள், வெளியேற எத்தனை அடிகள் என்று மட்டும் பாருங்கள்.
3. எம லிங்கம்: தோள், கழுத்து, தாடை ஆகியவற்றில் இறுக்கம் உள்ளதா எனப் பாருங்கள். இருப்பின் தளர்த்துங்கள்.
4. நிருதி லிங்கம்: ஓசைகளைக் கேளுங்கள். மணியோசை, வணிகர் குரல், காலடி ஓசை என எதனையும் விரும்பவோ வெறுக்கவோ முயலாமல் கேளுங்கள்.
5. வருண லிங்கம்: தாகத்தைக் கவனியுங்கள். நீர் அருந்துங்கள், அது தொண்டை வழியே இறங்குவதை உணருங்கள்.
6. வாயு லிங்கம்: ஆதி அண்ணாமலையைக் கடந்து இவ்விடத்தை அடையும்போது பெரும்பாலோருக்குக் களைப்பு தோன்றியிருக்கும். முகத்திலும் கைகளிலும் காற்று படுவதை உணருங்கள்.
7. குபேர லிங்கம்: எண்ணங்களைக் கவனியுங்கள். பணக்கவலை எழுந்தால், ‘இது கவலை’ எனப் பெயரிட்டு அறிந்துகொண்டு, மீண்டும் பாதத்திற்குத் திரும்புங்கள்.
8. ஈசானிய லிங்கம்: உச்சி முதல் உள்ளங்கால் வரை உடல் முழுவதையும் ஒருமுறை கவனியுங்கள். எங்கு வலி, எங்கு எரிச்சல், எங்கு மரத்துப்போன உணர்வு என்பதை அறியுங்கள்.

இடையில் உடன் வருவோரிடம் உரையாடலாம், ஓய்வெடுக்கலாம். கைப்பேசியை மட்டும் பைக்குள் வைத்திருப்பது நல்லது. கூட்டமும் வண்டிப் போக்குவரத்தும் உள்ள இடங்களில் கண்களை மூடுவதோ ஒருபுறமாக நின்றுவிடுவதோ கூடாது. பாதையைக் கவனிப்பதே அவ்விடங்களில் முழுக்கவனம்.

தொடக்க நிலையில் உள்ளோர் பௌர்ணமியைத் தவிர்த்து, கூட்டம் குறைந்த நாளின் அதிகாலையில், பாதையின் ஒரு பகுதியை மட்டும் நடந்து பழகலாம்.

பாதம் பேசாதபோது: நீரிழிவு உள்ளோர் கவனத்திற்கு

‘பாதம் தரையில் பதிவதை உணருங்கள்’ என்பது மேலே கூறிய முதல் அறிவுரை. நீண்ட காலம் நீரிழிவு உள்ள பலருக்கு இதனை நிறைவேற்ற இயலாது. உயர்ந்த இரத்தச் சர்க்கரை கால் நரம்புகளைப் பாதிப்பதால் வலி, வெப்பம், அழுத்தம் ஆகிய உணர்வுகள் படிப்படியாகக் குறைகின்றன. சிறு கல் குத்தினாலும், சூடான தார்ச்சாலையில் தோல் கொப்புளித்தாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. வலிக்கவில்லை என்பதால் தொடர்ந்து நடக்கின்றனர். சில நாள்களுக்குப் பின் காலுறையில் ஈரத்தையோ துர்நாற்றத்தையோ கண்டே புண்ணை அறிகின்றனர். காலம் கடந்த புண் விரலையோ காலையோ இழப்பதற்குக் காரணமாகலாம்.

உணர்வு குறைந்த பாதத்திற்குக் கண்களே காவல். நீரிழிவு உள்ளோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

- ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாத உணர்வுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு உணர்வை அறியும் இப்பரிசோதனை வலியற்றது.
- உணர்வு குறைந்துள்ளது எனக் கண்டறியப்பட்டால் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். பொருத்தமான காலணி அணிந்தே நடந்து, கோயிலுக்குள் செல்லும்போது மட்டும் அதனைக் கழற்றுங்கள். அங்கும் தடித்த பருத்திக் காலுறை அணிவது பாதுகாப்பானது.
- காலில் புண், வெடிப்பு, வீக்கம் இருந்தால் குணமாகும் வரை நீண்ட நடையைத் தவிருங்கள்.
- நடந்து முடித்ததும் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். குனிய இயலாதோர் கண்ணாடியைப் பயன்படுத்தலாம். அல்லது குடும்பத்தினரைப் பார்க்கச் சொல்லலாம். இதனைத் தினமும் செய்வது மேலும் நன்று.
- சிறு கொப்புளமாயினும் நாட்டு மருந்து தடவிக் காத்திராமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள்.

உண்ணாநோன்புடன் கிரிவலம் வருவதும் சிலருடைய வழக்கம். இன்சுலினும் சில வகை நீரிழிவு மாத்திரைகளும் பயன்படுத்துவோருக்கு இது ஆபத்தானது. வெறும் வயிற்றில் நீண்ட தொலைவு நடந்தால் இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறையலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும்பசி, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றை ‘நடந்த களைப்பு’ என ஒதுக்கிவிடாதீர்கள். உடனே அமர்ந்து மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்துங்கள். 15 நிமிடங்களில் சீராகாவிட்டால் மீண்டும் அதே அளவு அருந்துங்கள். பின்னர் உணவு உட்கொள்ளுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றக் கூடாது. உடனே 108 எண்ணை அழைக்க வேண்டும்.

வேறு யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

- இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்வு உள்ளோரும் கருவுற்றோரும் நீண்ட நடைக்கு முன் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு வலி, கடும் மூச்சிரைப்பு, தலைச்சுற்றல் தோன்றினால் நின்றுவிட வேண்டும். ‘பாதியில் நிறுத்தக் கூடாது’ என்னும் எண்ணம் உயிருக்கு இடையூறாகலாம்.
- கோடையில் பகல் நேர நடையைத் தவிர்க்க வேண்டும். தாகம் தோன்றுவதற்கு முன்னரே சிறிது சிறிதாக நீர் அருந்த வேண்டும்.
- மனநலச் சிகிச்சையில் லித்தியம் மாத்திரை உட்கொள்வோர் மிகுதியாக வியர்த்து உடலில் நீர் குறைந்தால், இரத்தத்தில் அம்மருந்தின் அளவு உயர்ந்து நஞ்சாகக்கூடும். நீண்ட நடைக்கும் நோன்புக்கும் முன் அவர்கள் தம் மருத்துவரின் அறிவுரையைப் பெறுவது கட்டாயம்.
- கொடிய நிகழ்வு ஒன்றைக் கடந்து வந்தோருக்கு, கண்களை மூடி அமைதியாக அமரும்போது அந்நினைவுகள் வேகத்துடன் மேலெழலாம். அவ்வாறு நேர்ந்தால் பயிற்சியை நிறுத்தி, கண்களைத் திறந்து, சுற்றியுள்ள பொருள்களைப் பெயர் சொல்லிப் பாருங்கள். பின்னர் மனநல ஆலோசகரை நாடுங்கள்.
- மனச்சிதைவு, இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளோர் பல நாள் மௌன முகாம்களையும் உறக்கம் குறைக்கும் தியான முறைகளையும் மருத்துவர் ஒப்புதலின்றி மேற்கொள்ளக் கூடாது.

வீட்டில் அன்றாடம் பயிலும் முறை

கிரிவலம் செல்ல இயலாதோருக்கும் இப்பயிற்சி உரியது. நாளொன்றுக்குப் பத்து நிமிடங்களில் தொடங்கலாம்.

- வாசலில் நீர் தெளித்துக் கோலமிடும்போது, விரலிடுக்கில் மாவு வழியும் தொடுவுணர்வைக் கவனியுங்கள்.
- முதல் வாய் காபியையோ கஞ்சியையோ வேறு எதுவும் செய்யாமல் அருந்துங்கள். மணம், சூடு, சுவை ஆகியவற்றை அறியுங்கள்.
- பேருந்துக்காகக் காத்திருக்கும்போது கைப்பேசியை எடுப்பதற்கு முன் ஐந்து மூச்சுகளைக் கவனியுங்கள்.
- குழந்தை பேசும்போது கையிலுள்ள வேலையை ஒரு நிமிடம் நிறுத்தி, அதன் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.
- சினம் எழும்போது உள்ளங்கால் தரையில் பதிந்திருப்பதை உணர்ந்து, ஒரு நீண்ட மூச்சை வெளிவிட்டு, பின்னர் விடையளியுங்கள்.
- உறங்கும் முன் பாதத்திலிருந்து தலை வரை உடலின் ஒவ்வொரு பகுதியையும் மெல்லக் கவனித்து வாருங்கள்.

வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பு தேவை என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கவனத்துடன் நடக்கும் நடையைச் சற்று விரைவாக மேற்கொண்டால் உடலுக்கும் மனத்திற்கும் ஒருசேரப் பயன் கிட்டும்.

தவறான எண்ணங்களும் உண்மைகளும்

*மனத்தை வெறுமையாக்க வேண்டும்.* எண்ணங்கள் எழுவதை நிறுத்த இயலாது. எழுந்த எண்ணத்தை எண்ணம் என்று அறிவதே பயிற்சி.

*நிகழ்கணத்தில் வாழ்பவர் எதிர்காலத்தைப் பற்றி எண்ணக் கூடாது.* திட்டமிடுவது வாழ்வுக்கு இன்றியமையாதது. திட்டமிட அமர்ந்தால் அதனை முழுக்கவனத்துடன் செய்யலாம். பயனின்றிச் சுழலும் கவலையே தவிர்க்க வேண்டியது.

*வருவதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.* வன்முறைக்கு ஆளாகும் ஒருவரிடம், ‘மூச்சைக் கவனியுங்கள், சரியாகிவிடும்’ என்பது தவறு. அவருக்குத் தேவை பாதுகாப்பு. துன்புறும் பெண்கள் 181 என்னும் எண்ணில் உதவி பெறலாம். உள்ளதை உள்ளவாறு காண்பதன் பயன், மாற்ற வேண்டியதை மாற்றத் துணிவதாகும்.

*தியானம் செய்பவருக்கு மாத்திரை தேவையில்லை.* இது மிகவும் ஆபத்தான எண்ணம். திருவண்ணாமலைக்கு அமைதி தேடி வருவோருள், இங்குக் கிடைக்கும் ஆறுதலால் தாம் குணமாகிவிட்டதாகக் கருதி, மனநல மருந்துகளைத் தாமாகவே நிறுத்துவோர் இருக்கலாம். முதல் சில நாள்கள் நன்றாகவே தோன்றலாம். பின்னர் நோய் முன்னினும் கடுமையாகத் திரும்பக்கூடும். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே நிகழ வேண்டும். மலையை வலம் வருவதற்கும் மாத்திரை உட்கொள்வதற்கும் இடையே முரண் எதுவும் இல்லை. மாத்திரையை மறவாமல் உரிய நேரத்தில் உட்கொள்வதும் நிகழ்கணத்தில் வாழ்தலின் ஒரு பகுதியே.

எப்போது உதவியை நாட வேண்டும்?

பின்வரும் நிலைகளில் பயிற்சியை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

- இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நேரம் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்தல்.
- உறக்கம், பசி, பணி, குடும்ப உறவு ஆகியவை பாதிக்கப்படுதல்.
- பிறருக்குக் கேளாத குரல் கேட்டல், காரணமற்ற பேரச்சம், கட்டுக்கடங்காத ஐயம்.
- மதுவையோ பிற போதைப் பொருளையோ நாடாமல் நாளைக் கடத்த இயலாமை.
- வாழ விருப்பமில்லை என்னும் எண்ணம்.

இறுதியாகக் கூறிய எண்ணம் உங்களுக்கோ உங்களுக்கு நெருக்கமானவருக்கோ தோன்றினால் காத்திருக்க வேண்டாம், தனித்திருக்கவும் வேண்டாம். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ என்னும் தேசியத் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்னும் எண்ணில், 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் 108 எண்ணை அழைக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை வழங்கப்படுகிறது. திருவண்ணாமலையில் உள்ளோரும் அங்கு வருவோரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

நிறைவாக

நிகழ்கணத்தில் வாழ்தல் என்பது கவலைகளற்ற வேறோர் உலகிற்குச் செல்வதன்று. இவ்வுலகில், இவ்வுடலில், இப்போது நிகழ்வதை அறிந்திருத்தலே அது. மூச்சிரைத்தால் நிற்பதும், தாகம் எடுத்தால் அருந்துவதும், மனம் தாங்காதபோது ஒருவரிடம் வாய் திறந்து சொல்வதும் அவ்வறிதலின் பயன்கள்.

கிரிவலம் நிறைவுற்று வீடோ விடுதியோ திரும்பியதும் உடனே படுத்துவிடாமல், கால்களைக் கழுவி, விரலிடுக்கு உட்பட ஈரத்தைத் துடைத்து, விளக்கின் அருகே அமர்ந்து உங்கள் பாதங்களை ஒருமுறை பாருங்கள். அன்றைய பயிற்சி அத்துடன் நிறைவுபெறும்.